வாசலில் ஒரு துளி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களுக்கு வாய் இருந்தது. ஆள் கண்ணுக்கே தெரியாத அளவு, பேச்சு மட்டும் ஊர்ப்பட்ட பேச்சு.

ஓர் எருமையின் ஈரலில் அப்படி ஒரு தெரு. பத்து லட்சம் வீடு, வீட்டுக்கு ஓர் உயிரணு. அந்தத் தெருவுக்குக் காவல், வெள்ளையப்பன் என்கிற வெள்ளையணு. எந்த வீட்டில் கிருமி புகுந்தாலும் கண்டுபிடித்து, அந்த வீட்டோடு சேர்த்து ஒழிப்பது அவன் வேலை. வேலை என்னவோ அதுதான். ஆனால் அதைச் செய்ய விட்டால்தானே!

தினமும் காலையில் போய் நிற்பான். நாட்டாமை செவ்வந்தியப்பர் முன்னால் வந்துவிடுவார்.

"எங்க தெருவுக்கு என்னப்பா குறைச்சல்? எல்லாரும் நல்லா இருக்கோம்."

"ஒவ்வொரு வீடா எட்டிப் பார்த்துட்டுப் போயிடறேனே."

"வீடு வீடாவா? அப்ப எங்க மேல சந்தேகமா? கௌரவமான தெருப்பா இது. அண்டா இருக்கு, ருசி பார்த்துட்டுப் போ."

அண்டா என்றால், எல்லா வீட்டுச் சமையலிலும் ஒரு கரண்டி எடுத்து ஒன்றாகக் கொட்டிக் கலக்கிய அண்டா. வெள்ளையப்பன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பான். நன்றாகத்தான் இருக்கும். பத்து லட்சம் கரண்டியில் ஒரு கரண்டி விஷமாக இருந்தாலும் நாக்குக்கு என்ன தெரியப்போகிறது? இதை அவன் நூறு தடவை சொல்லிவிட்டான். நாட்டாமை நூறு தடவையும் சிரித்துவிட்டார். (நாமும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆராய்ச்சி என்று ஈரலில் ஒரு துண்டை வெட்டி, அரைத்து, அந்தக் கலவையைப் பார்த்துவிட்டு ஈரலே இப்படித்தான் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒவ்வோர் உயிரணுவாகப் பிரித்துப் பார்க்கும் புத்தி நமக்கு நேற்றுத்தான் வந்தது.)

ஒருநாள் எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கிருமி இருப்பது ஈரல் தெருவில்தான், பொழுது சாய்வதற்குள் எந்த வீடு என்று தெரியாவிட்டால் தெருவையே கொளுத்திவிட வேண்டும்.

வெள்ளையப்பனுக்குத் தலை சுற்றியது. தெரு எரிந்தால் ஈரல் போகும், ஈரல் போனால் எருமை போகும், அப்புறம் யாருக்கு யார் நாட்டாமை? ஓடினான். கதவு கதவாகத் தட்டினான்.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம்!"

"எங்களைப் போய்க் கேக்கறியே, அடுத்த வீட்டைப் பாரு!"

"நாட்டாமை சொல்லிட்டாருல்ல, அப்புறம் என்ன?"

ஒருத்தராவது கதவைத் திறக்க வேண்டுமே! தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்தே பதில். "எல்லாரும் சேர்ந்து சாகத்தான் போறீங்க! அப்பவும் நல்லா இருக்கோம்னு சொல்லிக்கிட்டே சாவீங்க!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது தேனம்மை வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. காவலுக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு இனிப்பு எடுத்து வைத்துக் கொடுப்பவள் அவள். அந்தத் தெருவில் அவனை மதித்துப் பேசிய ஒரே ஜீவன். கை மட்டும் வெளியே வந்தது. உள்ளே கொதித்துக்கொண்டிருந்ததில் ஒரு துளியை வாசலில் வைத்தது.

தொட்டு நாக்கில் வைத்தான். இந்த உடம்பில் யாரும் சமைக்கிற பண்டமே இல்லை அது.

"அக்கா..."

"மூணு நாளா என் அடுப்பு என் கையில இல்ல தம்பி. வந்து புகுந்தவன், என் பாத்திரத்துலயே அவன் பிள்ளைங்களை ஆயிரக்கணக்கா உண்டாக்கறான். இன்னிக்குச் சாயந்திரம் கதவை உடைச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் போகப்போறானுங்க."

"மூணு நாளாவா! வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன அக்கா?"

"நாட்டாமைகிட்டச் சொன்னேன். தெருவுக்குக் கெட்ட பேர் வந்துடும், பேசாம இருன்னுட்டாரு. எனக்கும் பயம்தான். சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியாதா எனக்கு?"

அவனுக்கு நாட்டாமை மேல் கோபம், அவள் மேல் கோபம். அண்டாவைக் குடித்துவிட்டு மூன்று நாளாக இந்த வாசலைத் தாண்டிப் போன தன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"நின்னு யோசிக்காத. பக்கத்து வீடுகள்ல இருக்கறதெல்லாம் நேத்துப் பிறந்த பிள்ளைங்க. சீக்கிரம் செய்" என்று கதவை அகலத் திறந்துவிட்டாள்.

செய்தான். அழுதுகொண்டே செய்தான். அவளோடும் அவள் அடுப்போடும் அந்தக் கிருமிக் கூட்டமும் ஒழிந்தது. வெந்தது ஒரு வீடு. எருமை மெல்ல வாயை அசைத்து அசைபோட ஆரம்பித்தது.

மறுநாள் காலை வெள்ளையப்பன் வந்தபோது யாரும் பேசவில்லை. யாருக்கும் பேச முகம் இல்லை. கேட்காமலேயே ஒவ்வொரு வாசலிலும் ஒரு துளி இருந்தது. நாட்டாமை வாசல் மட்டும் துடைத்துவிட்டது போல இருந்தது.

"நான் எதுக்குப்பா? நான் நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தார் செவ்வந்தியப்பர்.

"வாயை மூடுங்க நாட்டாமை. உள்ளே கொதிக்கறதை வாசல்ல வையுங்க."

வைத்தால் உள்ளே புகுந்திருப்பவன் தெரிந்துவிடுவான்; வைக்க முடியாமல் நின்றார். வெள்ளையப்பன் கதவில் கை வைத்தான்.

அன்று முதல்தான் உயிரணுக்கள் பேசுவதை விட்டுவிட்டு, உள்ளே ஆக்குவதில் ஒரு துளியைத் தத்தம் வாசலில் வைக்கின்றன. எந்த வாசல் வெறுமையாக இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவை வெள்ளையணுக்கள் கேள்வி கேட்காமல் உடைக்கின்றன.