கூட்டத்தில் சேராத பதினொன்று

ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த மலையில் விண்மீன் பார்ப்பவர்களுக்கு வேலை கிடையாது. தொலைநோக்கியின் கூரையை மூடிவிடுவார்கள். பகலிலேயே மூடுபனி கேட்காமல் கொள்ளாமல் அறைக்குள் வந்துவிடும். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வரும்.

அப்படி ஒரு காலையில் பொன்னுரங்கம் தன் குருவைத் தேடிப் போனார்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வானத்தை அளக்க மலையேறி வந்தவர். அவரைப் பார்த்துச் சிரிக்காதவர் மலையில் இல்லை. தமயந்தி அம்மா மட்டும் சிரிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர்தான் குரு.

அதற்குப் பிறகு ஆறு வருடம், நாற்பதாயிரம் விண்மீன்கள். விண்மீனுக்குள்ளும் இரும்பு உண்டு. ஒவ்வொன்றின் ஒளியையும் நிறம் நிறமாகப் பிரித்து, எதில் எவ்வளவு இரும்பு என்று அட்டவணை போட்டிருந்தார். மறுநாள் அது உலகத்துக்குப் போகிறது. மேலே அவர் பெயர் மட்டும்தான். குரு பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"கணக்கு சரின்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் தமயந்தி அம்மா.

"ரோகிணிக்குப் பின்னால தெரியற விண்மீன் கூட்டத்தை வச்சு சோதிச்சேம்மா. எல்லாம் ஒரே வாயு முகில்ல, ஒரே சமயத்துல பிறந்தது. இரும்பு எல்லாத்துலயும் ஒரே அளவுதான் இருக்கணும். என் கணக்குலயும் அப்படித்தான் வருது. இம்மி பிசகல."

"இம்மிகூடவா?"

"இம்மிகூட." பெருமையை மறைக்க அந்த மனிதருக்குத் தெரியாது.

"எத்தனை விண்மீன்?"

"எண்பத்தொன்பது." கொஞ்சம் தயங்கினார். "முதல்ல நூறு எடுத்தேன். பதினொண்ணு ஒத்து வரல. அது கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லைன்னு தள்ளிட்டேன்."

குரு எழுந்தார்.

"சாப்பிட்டீங்களா ஐயா? வாங்க."

சமையலறையில் வெள்ளையம்மா அப்போதுதான் ஒரு ஈடு இட்லி இறக்கியிருந்தார். ஆவியும் பனியும் கலந்து, அடுப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

"சட்னி வேண்டாம். உப்பு எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க," என்றார் குரு.

முதல் மூன்று இட்லியில் உப்பு அளவாக இருந்தது. பிறகு குரு உப்பில் ஊறிய நார்த்தங்காய் ஒரு துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். பொன்னுரங்கம் ரசித்துச் சப்பிவிட்டு அடுத்த இரண்டைப் பிட்டு வாயில் போட்டார்.

"இதுல உப்பே இல்லையேம்மா. இது வேற ஈடு."

வெள்ளையம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வேற ஈடா? ஒரே மாவு, ஒரே கொப்பரை, உங்க கண்ணு முன்னாலதானே இறக்கினேன்! சர்வேயர் ஐயாவுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னா அதுக்கு என் இட்லியா கிடைச்சுது?"

பொன்னுரங்கம் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோயிற்று.

"ரோகிணியைக்கூடத்தான் தள்ளுறோம்," என்றார், யாரும் கேட்காமலே. "கூட்டத்துக்கு நடுவுல இருக்கிற மாதிரி தெரியுது. ஆனா அது நமக்குக் கிட்ட தனியா நிக்குது. சேராததைத் தள்ளுறது வழக்கம்தானேம்மா?"

"ரோகிணியை எதை வச்சுத் தள்ளினோம்?"

"நடையை வச்சு. கூட்டம் ஒரு பக்கம் போகுது, அது வேற பக்கம் போகுது."

"உங்க பதினொண்ணு எந்தப் பக்கம் போகுது?"

அதை அவர் பார்க்கவே இல்லை. கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்ட ஒரு சர்வேயரை, நில அளவையில் இருந்த காலத்தில், இதே பொன்னுரங்கம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

அறைக்குப் போய்ப் பார்த்தார். பதினொன்றும் கூட்டத்தோடுதான் போய்க்கொண்டிருந்தன. அதே திசை, அதே வேகம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினொன்றும் சின்னவை, சூடு குறைந்த சிவப்பு விண்மீன்கள். அவற்றின் ஒளியைப் பிரித்தால், இரும்பைக் காட்டும் கோடுகள் மற்றக் கோடுகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கேதான் அவர் கணக்கு தடுமாறியிருந்தது. இரும்பில் ஒரு குறையும் இல்லை.

மேசையில் தலை சாய்த்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கனவில், பனிக்குள்ளே, சிவப்புப் போர்வை போர்த்திய பதினொரு பேர் போனார்கள். எல்லார் கையிலும் சாப்பிடாத வாழையிலை. பந்தியிலிருந்து எங்களை ஏன் எழுப்பினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மற்றவர்கள் போன பக்கமே மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. பனி என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அவர் அழுதிருந்தார்.

வாசலில் தமயந்தி அம்மா நின்றிருந்தார்.

"தப்பு என் பேருலதாம்மா. அந்தப் பதினொண்ணையும் திரும்பச் சேர்த்து, அதுங்க அளவைத் திருத்திடறேன். கூட்டம் மொத்தமும் ஒத்து வந்துடும். நாளைக்கு அனுப்பிடலாம் இல்லம்மா?"

கெஞ்சல்தான் அது. ஆறு வருடமும் அந்தக் குரலில் இருந்தது.

"அட்டவணையில சின்னச் சிவப்பு விண்மீன் எத்தனை இருக்கு ஐயா?"

"இருபத்துமூவாயிரம். எல்லாம் இதே கணக்குதான்."

"அதுல எத்தனை ஒத்து வரல?"

"அதுல அப்படி ஒண்ணுகூட இல்லம்மா. அதெல்லாம் எந்தக் கூட்டத்துலயும் இல்லாம தனித்தனியா நிக்கிறது. எதோட ஒத்துப் பார்க்கிறது?"

தமயந்தி அம்மா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூடப்பிறந்தவங்க இல்லாதவங்களைப் பத்தி நாம எதை எழுதினாலும், இல்லைன்னு சொல்ல ஆள் கிடையாது ஐயா."