நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற சேலைப் பிரிவுப் பெண்கள், உட்கார ஸ்டூல் கேட்டார்கள். முதலாளி மாணிக்கவேலு ஸ்டூலுக்குப் பதிலாக ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வந்தார்.

கடை திறக்குமுன், காலை ஏழு மணிக்கே, பேச்சாளர் நின்றபடி பொழிந்து தள்ளினார்.

"கால் வலி கால்ல இல்லம்மா, மனசுல இருக்கு. சோம்பேறிதான் உட்கார இடம் தேடுவான். மனசை மாத்துங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, தீர்த்துட்டுத்தான் போவேன்."

பதினோரு வருஷமாக அங்கே நிற்கும் செண்பகவல்லி ஒரு சந்தேகம் கேட்டாள். பிறகு இன்னொன்று. மற்றவர்களும் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒரு சேலை விற்க ஐம்பது சேலை விரிக்கிறவர்களுக்குப் பொறுமைக்கா பஞ்சம்?

இரண்டு மணி நேரத்தில் பேச்சாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்தார்.

செண்பகவல்லி சுவரில் முதலாளி ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். "நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான் சார்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

"அப்போ எனக்கு ஒரு சேலை வேணும்" என்றபடி பேச்சாளர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எந்த மாதிரி காட்டட்டும் சார்?"

"எதையாவது காட்டும்மா. மெதுவாவே காட்டு."

மறுநாள் ஸ்டூல்கள் வந்து இறங்கின. செண்பகவல்லி உட்கார்ந்து காலை நீட்டினாள். மனசு உடனே மாறிவிட்டது.