வலது காது

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஓடைக்கரையில் ஒரு மடம். மடம் என்றால் ஓடு வேய்ந்த ஒரு கூடம், பின்னால் அடுப்படி. அவ்வளவுதான். அங்கே இருந்த சாமியாரை ஓடைச்சாமி என்றார்கள்.

அர்த்தநாரி அங்கே சமையல். அதற்கு முன் போர்வெல் வண்டியில் வேலை. காதைப் பிளக்கும் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று ஊர் ஊராகப் பாறையைக் குடைந்தவர். மனைவி இறந்துபோன பிறகு மடத்துக்கு வந்துவிட்டார். சாமிக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் சாமிக்கு முன்னால் உட்கார மாட்டார்.

அவருக்கு ஒரே ஆசை. உபதேசம் வாங்க வேண்டும். குரு தலைமேல் துண்டைப் போர்த்தி, சீடனின் வலது காதில் மந்திரத்தைச் சொல்வார். அதற்காகத்தான் அர்த்தநாரி வருஷக்கணக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் சாமி, "ரசத்துல உப்பு ஜாஸ்தி" என்பார்.

ஒருநாள் விடிகாலை எழுந்ததும் வலது காதில் ஒரு சத்தம். ஙொய்யென்று, நிற்காமல். சாமி அப்போது ஈரோடு போயிருந்தார்.

தியானம் கனிந்தவர்களுக்கு உள்ளே நாதம் கேட்கும், வண்டு போல, மணி போல என்று சாமியே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அர்த்தநாரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

காய் நறுக்க வரும் பாவாயியிடம் சொன்னார். அவள் அரிவாள்மனையை விட்டுவிட்டு எழுந்து காலில் விழுந்தாள். சாயங்காலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. யாரோ மாலை போட்டார்கள். யாரோ கைக்குழந்தையை மடியில் வைத்தார்கள்.

அன்று சோறு குழைந்துபோனது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் சாமி வந்தார். கூடம் நிறைய ஆட்கள். நடுவில் மாலையோடு அர்த்தநாரி.

"கல்யாணமா?"

"நாதம் வந்திருச்சுங்க சாமி."

"எந்தக் காதுல?"

"வலதுங்க."

"இடதுல?"

"இல்லீங்க."

"இடது காது என்ன பாவம் பண்ணுச்சு?"

கூடத்தில் சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை.

"எப்ப இருந்து?"

"நேத்து விடியால இருந்துங்க."

"தலை சுத்துதா?"

"லேசாங்க. நாதம் வந்தா அப்படித்தானுங்களே?"

"கள்ளுக் குடிச்சாலும் அப்படித்தான்."

சாமி துண்டை உதறினார்.

"உபதேசம் கேட்டியே. உக்காரு."

அர்த்தநாரி ஓடைப் பக்கம் திரும்பினார். "குளிச்சிட்டு வந்தர்றனுங்க சாமி."

"வேண்டாம். உக்காரு."

இருவர் தலையும் மூடும்படி துண்டைப் போர்த்தினார். அர்த்தநாரியின் இடது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினார். வலது காதில் சொன்னார். துண்டை எடுத்தார்.

அர்த்தநாரி கண்ணை மூடிக் கைகூப்பியபடியே இருந்தார். நேரம் போயிற்று.

"சொல்லுங்க சாமி" என்றார் கடைசியில்.

"சொல்லியாச்சு."

"இல்லீங்களே. ஙொய்னு நாதம் மட்டும்தானுங்க கேக்குது."

அடுப்படி வாசலிலிருந்து பாவாயி, "அய்யோ, எனக்கே கேட்டுச்சுங்ணா!" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"காது கெட்டுட்டு இருக்குது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன்னாரு. ரெண்டு தரம் சொன்னாருங்க."

மாலை போட்டவர் ஓட்டுக்கூரையைப் பார்த்தார்.

"பேருதான் அர்த்தநாரின்னா, காதும் பாதியாப் போச்சு. எந்திரி" என்றார் சாமி.

அர்த்தநாரி எழவில்லை.

"மருந்து சாப்பிட்டா இது போயிருங்களே சாமி."

"போகட்டும்."

"இத்தனை வருஷத்துல எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதானுங்க."

சாமி குனிந்து, அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தூணில் மாட்டினார்.

"நெசமான நாதம்னா மாத்திரைக்குப் பயந்து ஓடாது. வா."

"வண்டி எடுக்கட்டுங்களா?"

"தலை சுத்துதுங்கறே. பின்னால உக்காரு."

சாமி மொபட் ஓட்டி அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

காது டாக்டர் ஒரு சின்னப்பெண். கவை போன்ற ஒரு கம்பியைத் தட்டி அர்த்தநாரியின் நெற்றியில் வைத்தாள். எந்தப் பக்கம் கேட்கிறது என்றாள். இடது என்றார். சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தார். வலது காதுக்குக் கை சும்மா கிடந்தது.

சாமி கண்ணாடி வழியாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்தே ஏன் வரல?" என்றாள் டாக்டர்.

"மாலை போட்டுக்கிட்டு இருந்தாரு" என்றார் சாமி.

"திடீர்னு காது மந்தமாகி இரையுதுன்னா அன்னிக்கே வரணுங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா மருந்து கொடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இப்பவும் முழுசா வரும்னு உறுதி சொல்ல மாட்டேன். வந்தாலும் இரைச்சல் கொஞ்சம் தங்கலாம்."

திரும்பும்போது, வண்டியின் பின்னாலிருந்து அர்த்தநாரி சொன்னார்:

"நீங்க வராம இருந்திருந்தா அப்படியே உக்காந்திருப்பனுங்க சாமி."

"காது கூப்பிட்டுச்சு. நீ கும்பிட்டே" என்றார் சாமி, திரும்பாமல். பிறகு, "கெட்டியாப் புடிச்சுக்க. பள்ளம்."

வேளை தவறாமல் மாத்திரையைச் சாமியே எடுத்துக் கொடுத்தார். தலைசுற்றல் நிற்கும்வரை சோறும் அவரே வடித்தார். வாயில் வைக்க முடியவில்லை. அதையும் ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. டாக்டர் மறுபடி சோதித்துவிட்டு, பெரும்பாலும் திரும்பிவிட்டது என்றாள். வலது காதுக்கும் கை பொத்தானை அமுக்கியிருந்தது. இனி இரைச்சலான வேலைக்குக் காதை மூடாமல் போகக் கூடாது, மறுபடி மந்தமானால் உடனே வர வேண்டும் என்றாள்.

"சத்தம்?" என்று கேட்டார் சாமி, மடத்துக்கு வந்ததும்.

"மெல்லிசா இருக்குதுங்க." அர்த்தநாரி கொஞ்சம் தயங்கினார். "மாத்திரைக்கும் பயப்படலீங்களே சாமி. அப்ப இது..."

"உதை விழும்."

அர்த்தநாரி சிரித்துவிட்டார். சாமிக்கும் அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்துச் சாமி துண்டை உதறினார்.

"போ. குளிச்சிட்டு வா."

அர்த்தநாரி ஓடைக்கு ஓடினார். சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார். துண்டு மூடியது. உள்ளங்கை இடது காதைப் பொத்தியது. துண்டு விலகியது.

பாவாயி அடுப்படி வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே. என்னங்ணா சொன்னாரு? மறுக்காவும் ஆஸ்பத்திரியா?"

அர்த்தநாரி கேட்டது சிந்திவிடாதபடி வலது காதைக் கையால் மெல்லப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.