கிழக்கு விடுதிக் காப்பாளர்

பல்கலைக்கழகக் கணினி மையத்துக்குக் குலசேகரன் தலைவராக வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் தேடிக்கொண்ட குரு, பதிவேட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் ஜமீலா. குரு சிஷ்யரைவிடப் பத்து வயது இளையவர். அதில் அவர்கள் இருவருக்கும் சங்கடமில்லை, பார்ப்பவர்களுக்குத்தான்.

அன்று காலை குலசேகரன் ஜமீலாவின் மேஜை முன் பேயறைந்த மாதிரி வந்து நின்றார். பட்டச் சான்றிதழ் விண்ணப்பத்தை அவர் ஆன்லைனுக்கு மாற்றிப் பன்னிரண்டு நாள். இருநூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தும் ஒருவருக்கும் சான்றிதழ் வரவில்லை. அவர்களில் பிரிஸ்கா என்ற பெண்ணுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் கிழக்கு விடுதிக் காப்பாளரிடம் போய் நிற்கிறது என்றார் குலசேகரன். அறைச் சாவி திரும்பி வந்துவிட்டது என்று அவர் ஒப்புதல் தரவேண்டும். மூன்று மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, மனிதர் அசையவில்லை. மின்னஞ்சல்தான் போகவில்லையோ, மென்பொருளே கோளாறோ என்று குலசேகரனுக்குத் தலை சுற்றியது.

"வேற எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் மேடம்?"

ஜமீலா ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

"காப்பாளரை நேர்ல பாத்துட்டு வாங்க சார். நூலகத்துக்குப் பின்னாடி."

போனார். அங்கே ஒரு தகரக் கொட்டகை, அதற்குக் கீழே வரிசையாக ஸ்கூட்டர்கள். வழி தவறிவிட்டோம் என்று நினைத்து நூலகத்தை இரண்டு முறை சுற்றினார். கடைசியில் காவலாளியிடம் கேட்டார்.

"கிழக்கு விடுதியா? அது இந்த இடந்தான் சார். இடிச்சு எட்டு வருஷமாச்சு."

குலசேகரன் நேராகத் தன் அறைக்குப் போய், இருக்கிற மென்பொருளிலேயே காப்பாளர் ஒப்புதல் கேட்கும் கட்டத்தை நீக்கினார். இரண்டு நிமிட வேலை. மதியத்துக்குள் பிரிஸ்கா சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நிம்மதி வந்தது, குழப்பம்தான் போகவில்லை. பழைய காகிதப் படிவத்திலும் அதே கட்டம் இருந்ததே. அதைப் பார்த்துத்தானே ஒரு வரி விடாமல் ஏற்றினார். இல்லாத காப்பாளரைத் தாண்டி எட்டு வருடம் காகிதம் எப்படிப் போயிற்று? மறுபடி ஜமீலாவிடம் வந்து கேட்டார்.

அவர் ஒரு பழைய கோப்பை எடுத்து விரித்தார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காப்பாளர் கட்டத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு.

"இது மாசிலாமணி போட்ட கோடு சார். நம்ம கவுண்ட்டர்ல ஃபாரம் வாங்குறவரு."

"இதை எங்கிட்ட யாரும் சொல்லலையே மேடம்."

"மாதிரி ஃபாரம் கேட்டு நீங்க அவருகிட்டதான் வந்தீங்க. உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சிட்டு, ஃபாரத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க."