சுருட்டிய துண்டு

மலையடிவாரத்தில் கன்னியர் நடத்தும் இல்லம் ஒன்று இருந்தது. மாதங்கள் போயும் தலை நிற்காத பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் அங்கே வருவார்கள். பயிற்சி கொடுப்பவர் மதர் அமலி. அவரிடம் அந்த வேலையைப் பழக வந்திருந்தவர் சவுந்தரம், நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவை விடச் சிஷ்யைக்கு இருபது வயது கூடுதல். குரு "அக்கா" என்பார். சிஷ்யை "மதர்" என்பார்.

அன்று காலை பாண்டீஸ்வரியின் மகன் கவினைப் பாயில் குப்புறப் போட்டிருந்தார்கள். ஒரு வயது ஆகப்போகிறது, தலை இன்னும் நிற்கவில்லை. சவுந்தரம் அவன் தாடையில் கை கொடுத்துத் தூக்கினார். பிள்ளை வீறிட்டான்.

"தலையைப் பிடிச்சுத் தூக்காதீங்க அக்கா" என்றார் மதர். ஒரு துண்டைச் சுருட்டி அவன் நெஞ்சுக்கு அடியில் வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை, ஆடி ஆடி, தானாக எழும்பியது. ஒரு மூச்சு நேரம் நின்று மறுபடி சாய்ந்தது.

மதர் அடுத்த பிள்ளையைப் பார்க்க உள்ளே போனார். சவுந்தரம் தாயிடம் திரும்பினார்.

"வீட்டுல தினமும் குப்புறப் போட்டுப் பழக்கச் சொன்னோமே, செஞ்சியா?"

பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரமும் செய்யல. வர்றதும் நேரங்கெட்ட நேரத்துல. இந்த வயசுல விட்டா அப்புறம் வராதும்மா. பெத்தவளுக்கே அக்கறை இல்லேன்னா சாமியா வந்து செய்யும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டா ஆச்சா? நிமிர்ந்து பதில் சொல்லு!"

பாண்டீஸ்வரி நிமிரவில்லை. பிள்ளையை எடுத்துச் சவுந்தரத்தின் மடியில் வைத்தாள். பையை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேம்மா."

போனவள் வரவில்லை.

கவின் பசியில் அழுதான். பையில் பாலும் அதைப் புகட்டும் சங்கும் இருந்தன. எத்தனை பிள்ளைக்கு ஊட்டிய கை! சவுந்தரம் மடியில் சாய்த்துப் போட்டுச் சங்கை வாயில் வைத்தார். மடக்கென்று புரையேறியது. பிள்ளையின் உதடு கறுத்தது. சட்டென்று கவிழ்த்து முதுகில் தட்டினார். பால் வெளியே வந்தது, மூச்சும் வந்தது.

பெத்தவளுக்கு ஒவ்வொரு வேளையும் இப்படித்தானா?

அவன் வாயைத் துடைக்கத் துணி தேடிப் பைக்குள் கை விட்டார். மடித்த சட்டைகள், கம்பளிக் குல்லா, மருந்து, கிலுகிலுப்பை. பிள்ளையின் சாமான் ஒன்று பாக்கியில்லாமல் இருந்தது. வீட்டையே ஒழித்துக்கொண்டு வந்தது போல.

"மதர்!" சவுந்தரம் பிள்ளையும் பையுமாக உள்ளே ஓடினார். "அவ இவனை விட்டுட்டுப் போயிட்டா மதர். நான்தான் பேசிட்டேன்."

மதர் பையைப் பார்த்தார். நேராக அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு மூடினார்.

"மதர், சோறு போடுற நேரமா இது?"

"பிள்ளையையும் பாலையும் எடுத்துக்கிட்டு வாங்க."

பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் மேடையில் பாண்டீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழப்போனாள்.

"என்னைக் கூப்பிடாதீங்க மதர். அவன் உங்ககிட்டன்னா நல்லா இருப்பான். எங்க மாமியா சொல்றது சரிதான், எனக்குப் பிள்ளை வளக்கத் தெரியல."

"கூப்பிடல. எந்த ஊருக்கும்மா?"

"தெரியல."

"கடைசியா எப்ப சாப்பிட்ட?"

பாண்டீஸ்வரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். மதர் தட்டை அவள் மடியில் வைத்தார்.

"பஸ் வர்றவரைக்கும் சாப்பிடு. இந்த அக்காவுக்கு ஊட்ட வரல. எப்படின்னு வாயால சொல்லு, போதும். நீ தொட வேண்டாம்."

பாண்டீஸ்வரி ஒரு வாய் வைத்தாள். பிறகு அள்ளி அள்ளித் தின்றாள். தின்றுகொண்டே சொன்னாள்.

"சாய்க்காதீங்கம்மா, நிமித்தி உக்கார வைங்க. கன்னத்து ஓரமா விடுங்க. கொஞ்சமா. தொண்டையில ஒத்த விரலால நீவுங்க... பொறுங்க, இன்னும் முழுங்கல. இப்ப விடுங்க."

சவுந்தரம் விட்டார். தொண்டை ஏறி இறங்கியது.

பஸ் வந்து நின்றது. மதர் அசையவில்லை. சவுந்தரத்தின் நெஞ்சுக்குள் ஜெபமாலை உருண்டது. மாதாவே, இவளைப் பிடி.

"ஏறுதா, இல்ல பந்தி முடிஞ்சுதான் வருமா?" கண்டக்டர் கத்தினார்.

பாண்டீஸ்வரி பஸ்ஸைப் பார்த்தாள். சங்கைப் பார்த்தாள்.

"போங்கண்ணே" என்றாள். "பால் இன்னும் முடியல."

மத்தியானம் இல்லத்துக் கூடத்தில் பாண்டீஸ்வரி அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். பக்கத்தில் பாயில் கவின் விழித்துக் கிடந்தான். சவுந்தரம் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"மதர், போகாதேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க. ஏறிப் போயிருந்தா?"

மதர் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"காலையில இவன் தலையைத் தூக்க எங்க பிடிச்சீங்க அக்கா?"

"தாடையில."

"எழும்புச்சா?"

"அழுதான்."

"துண்டை எங்க வச்சோம்?"

"நெஞ்சுக்கு அடியில" என்ற சவுந்தரம் தூங்குகிறவளையும் அவள் தலைமாட்டில் இருந்த காலித் தட்டையும் பார்த்தார். விசிறி நின்றுவிட்டது.