கண்ணாடிமேல் வைத்தது என்ன?

இந்தச் சிக்கலை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். ஆளுக்கொரு தீர்ப்பு சொல்கிறார்கள். நீங்களும் கேட்டுவிடுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஞானசீலனுக்கு ஸ்கேனர் வேலை. பதினெட்டு வருடமாக ஊரார் சான்றிதழ்களை ஸ்கேன் செய்தே ஓய்ந்துபோன மனுஷன். கூட்டமில்லாத மத்தியானங்களில் மட்டும் அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஈர இலை, வெங்காயச் சருகு என்று எதையாவது ஸ்கேனர் கண்ணாடிமேல் வைப்பான். உள்ளே விளக்கு நகரும்போது அதையும் மெல்ல இழுப்பான். கேமரா இல்லாமலே ஒரு படம் விழும். என்னவென்று யாராலும் சொல்ல முடியாது, கண்ணை எடுக்கவும் முடியாது.

அவன் மனைவி லீதியாள் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றே ஆகவேண்டும். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானசீலன் அவளைத் தன் கடைக்குக் கூட்டிப்போய், அந்தக் குதிகாலைக் கண்ணாடிமேல் வைக்கச் சொல்லிக் கேட்டான்.

"வைக்கேன். ஆனா இது என் காலுன்னு ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக்கூடாது."

விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான்.

அந்தப் படத்தை ஒரு ஸ்கேனர் படப் போட்டிக்கு அனுப்பினான். முதலாவதாக வந்தது. பரிசு, புது ஸ்கேனரும் பிரிண்டரும். கிடைத்தால் வீட்டு முன்னறையிலேயே கடை போடலாம், லீதியாள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதை நினைத்தே இருவரும் பரிசளிப்பு விழா வரை அந்த வாரத்தை ஓட்டினார்கள்.

ஆனால் கணினி தானாக வரைந்த படம் நுழைந்துவிடாமல் இருக்க ஒரு விதி இருந்தது. கண்ணாடிமேல் வைத்தது என்ன, யாருடையது என்று மேடையில் சொன்னால்தான் பரிசு. நாள் முழுக்க அடுத்தவர் விண்ணப்பங்களை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்கிறவன், தன் விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

"என்ன வச்சீங்க, யாரோடது, சொல்லுங்க" என்றார் நடுவர் அம்மாள்.

ஞானசீலன் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த மனைவி பக்கம் திரும்பவும் இல்லை. லீதியாள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். நடுவர் இன்னொரு முறை கேட்டுவிட்டு, மனசில்லாமல்தான், பரிசை அடுத்தவருக்குக் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை.

"என்னைய ஒரு பார்வை பாத்திருந்தா, சொல்லுங்கன்னு தலையாட்டியிருப்பேம்லா?" என்றாள்.

"நான் பாத்திருந்தா மண்டபமே உன்னையத்தான பாத்திருக்கும்."

இறங்குகிற வரை இருவரும் கம்பியைப் பிடித்து நின்றே வந்தார்கள்.

வாக்கைக் காத்தவன் ஞானசீலன். அவன் பார்க்கட்டும் என்று காத்திருந்தவள் லீதியாள். விதியை விடாதவர் நடுவர். இதில் யார் செய்தது சரி?

விடை: ஞானசீலன் செய்ததே சரி என்பேன். ரகசியம் லீதியாளுடையது, அதை அவிழ்க்கிற உரிமையும் அவளுடையது. அவள் பக்கம் திரும்பினாலே சொல்லிவிட்ட மாதிரிதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நடுவரையும் குறை சொல்வதற்கில்லை. லீதியாள் வாயைத் திறந்திருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்க மனம் வரவில்லை. நாள் முழுக்க நிற்கவைத்து அந்தக் காலை அப்படி ஆக்கிய கடைக்காரர்களுக்கு வெட்கமில்லை. அவர்கள் பட வேண்டிய வெட்கத்தையும் சேர்த்து அவள்தான் பட்டாள். மறுநாள் ஒன்பதரைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.