எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கு

கருங்கண்மாய்ப்பட்டிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அது பொய். மூளை இருக்கிறது, வீணாகச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களிலும் ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: பந்தல் கடை திருமேனி, அவர் கடையில் வேலை பார்த்த பிச்சாண்டி, அடைக்கலம்.

திருமேனிக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண வீடியோவைப் போட்டாலும் அவருடைய நாற்காலி வரும், பந்தல் வரும், சாம்பார் அண்டாகூட வரும். அவர் மட்டும் வரமாட்டார். கேமரா அந்தப் பக்கம் திரும்பினாலே, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டே இருந்தவருக்கு, ஒரு தடவையாவது நாலு பேர் நம்மைப் பார்க்கமாட்டார்களா என்று இருந்தது. பாவம், நியாயமான ஆசைதான்.

இப்போதெல்லாம் சோறு வடிக்கிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், சும்மா பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லாரும் ஆளுக்கொரு சேனல் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூவரும் செல்போன் கடை பரிமளத்திடம் போனார்கள். அவள் 'நாற்காலி போட்டவன்' என்று ஒரு சேனலைத் தொடங்கிக் கொடுத்து, மூன்று விஷயம் சொன்னாள்.

"பேசும்போது கேமராவையே பாருங்கண்ணே. பாக்க வர்றவங்கள வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மதிக்கணும். எத்தனை பேரு வந்திருக்காங்கன்னு அப்பப்பப் போய்ப் பாத்துக்கங்க."

"எழுதிக்கடா" என்றார் திருமேனி. பிச்சாண்டி அதை அடைக்கலத்தின் வலது உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். எழுத்து அழிந்துவிடக் கூடாதென்று மூன்று நாள் அடைக்கலத்துக்கு அவன் மனைவிதான் சோறு ஊட்டிவிட்டாள்.

முதல் வீடியோ எடுத்தார்கள். திருமேனி போனில் கேமரா எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, கிட்டே போய் அதையே பார்த்தார். பத்து நிமிஷமும் அவருடைய வலது கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண், வாசலில் வாழைமரம் கட்டுவது எப்படி என்று மனமுருகப் பேசியது.

மறுநாள் காலையில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தார். ஒன்று என்று காட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒருத்தர் வந்திருக்காருடா! விருந்தாளிய நிக்க வச்சா பேசுறது? சேர் போடு!"

கடை முற்றத்தில் போனுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டார்கள். வந்தவர் சௌகரியமாக இருக்கிறாரா என்று பிச்சாண்டி தன் போனில் திறந்து பார்த்தான். இரண்டு என்றது. இன்னொரு நாற்காலி போட்டார்கள். பிச்சாண்டி சரியாகத்தான் பார்த்தானா என்று அடைக்கலம் பார்த்தான். மூன்று. மத்தியானத்துக்குள் முப்பத்தேழு நாற்காலி ஆகிவிட்டது.

"அண்ணே, மொதல்ல வந்தவரு எந்திரிச்சுப் போயிருந்தா?" என்று கேட்டான் பிச்சாண்டி.

"போறவரு சொல்லாமயா போவாரு?"

"அப்படிப் போயிருந்தா எண்ணிக்கை கொறையணும்ல? ஏறிக்கிட்டுத்தான இருக்கு?" என்றான் அடைக்கலம்.

திருமேனி தலையாட்டிக்கொண்டே அடுத்த நாற்காலியை எடுக்கப் போனார்.

நாலு நாளில் கடையின் இருநூறு நாற்காலியும் நிறைந்துவிட்டன. வெயில் ஏறியதால் மேலே பந்தலும் போட்டாயிற்று. திருமேனி காலையும் மாலையும் வரிசை வரிசையாகப் போய்க் கும்பிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்தார். வாழ்நாளில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் விடியாததுமாகச் சந்தனம் வந்து நின்றார். அன்று அவர் மகளுக்குக் கல்யாணம். இருநூறு நாற்காலிக்குப் போன மாசமே சொல்லிவைத்திருந்தார்.

"ஏப்பா திருமேனி, ஒம்பது மணிக்கு முகூர்த்தம். சேர் எங்கப்பா?"

"சேர் இருக்கு மாமா. ஆனா எல்லாத்துலயும் ஆள் இருக்கு."

சந்தனம் முற்றத்தைப் பார்த்தார். திருமேனியைப் பார்த்தார். "யாரு இருக்கா?"

"பேரு தெரியாது மாமா. எல்லாம் வெளியூர்."

இந்தக் கல்யாணத்துக்கு நாற்காலி போகாவிட்டால் இனி ஒருத்தரும் திருமேனியை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அதற்காக, ஆயுசில் முதல் தடவையாக நம்மைப் பார்க்க வந்தவர்களை எழுப்பிவிடுவதா? அடைக்கலம்தான் வழி சொன்னான்.

"கல்யாணம்னா கூட்டம் வேணும்ல? நம்மாளுகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருவோம்ணே."

டிராக்டர் வந்தது. "ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்கடா!" என்று சந்தனம் கத்தினார். ஒருவர் தலைமேல் ஒருவரை உட்கார வைப்பது மரியாதையா என்று மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பள்ளம் மேடு பார்த்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, பதினோரு நடை அடித்தார்கள்.

விருந்தாளிகள் பிற்பாடு தங்களைத் தாங்களே பார்க்க ஆசைப்படுவார்கள் என்று பிச்சாண்டி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். மாப்பிள்ளையின் அத்தை வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"ஆத்தா! ஒரு ஆள் மடியில உக்காந்திருக்கீங்க!" என்று அலறினான் அடைக்கலம்.

அந்த அம்மாள் துள்ளி எழுந்தார். அதைப் பார்த்து அப்புறம் ஒருத்தரும் உட்காரவில்லை. இருநூறு நாற்காலியும் காலியாகக் கிடக்க, ஊரே நின்றுகொண்டு அட்சதை போட்டது. யாரும் கிட்டே வந்துவிடாதபடி திருமேனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீட்டுக் கேமராக்காரர் தாலி கட்டுவதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். அன்று யாரும் அவரைத் தள்ளிக்கச் சொல்லவில்லை.

பிச்சாண்டி எடுத்த வீடியோவைச் சேனலில் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் பரிமளம் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணே! ஒரு லட்சம் பேரு பாத்துட்டாங்கண்ணே!"

திருமேனி துள்ளிக் குதித்தார். இரண்டாவது தடவை குதிக்கப் போனவர் பாதியில் நின்று, தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லட்சம் சேருக்கு நான் எங்கடா போவேன்?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில், உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. திருமேனி போனுக்குக் கிட்டே போய் வலது கண்ணை வைத்தார். கண்ணில் நீர் முட்டியது.

"வந்தவங்க எல்லாரும் பெரிய மனசு பண்ணணும். கைவசம் இருநூறு சேர்தான் இருக்கு. மத்தவங்க கோவிச்சுக்காம நின்னுக்கிட்டே பாருங்க."

போட்ட ஒரு நிமிஷத்தில் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அடைக்கலம் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"நான் படுத்துக்கிட்டுத்தான் பாக்குறேன்."

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பிச்சாண்டி! கட்டில் வாடகைக்கு விடுறவங்க யாராச்சும் இருக்காங்களான்னு ஓடிப் போய் விசாரிடா!"